வேரில் படிந்த மஞ்சள்

என் பல்லைக் கொடுத்திருக்கக் கூடாது. பேசாமல் ஆஃப்ரீனுடைய பல்லையே வைத்திருக்கலாம்.

கோகிலவாணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புது நுண்ணோக்கியில் பதித்த கண்ணை எடுக்காமல் மனதுக்குள் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஆய்வகமே திரண்டு நின்று பொரி கொறித்துக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. நுண்ணோக்கியின் கழுத்தில் வைத்த சந்தனமும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன.

"என்னக்கா, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றாள் ஆஃப்ரீன்.

அருக்காணி பயோ நிறுவனத்தில் எலும்பு வெட்டும் பிரிவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவி புதிதாக வந்தாலும் அதில் முதலில் வைக்கும் வில்லை, அதாவது கண்ணாடித் துண்டில் ஒட்டிய மெல்லிய சீவல், எலியுடையதாக இருக்கக் கூடாது. அங்கே வேலை செய்கிற யாராவது ஒருவருடைய பல்லாக இருக்க வேண்டும். நிறுவனம் தொடங்கிய காலத்தில் வாணிதான் அதை ஆரம்பித்து வைத்தாள். இத்தனை எலிகள் நமக்காகச் சாகின்றன, தொடக்கத்தையாவது நாம் கொடுப்போமே என்று அப்போது சொன்னாள். அதன்பிறகு அங்கே யார் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாலும், மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்த ஆயுத பூஜைக்கு இரண்டு பற்கள் போட்டியில் இருந்தன. "சீனியர் பல்லுக்குத்தான் முதல் மரியாதை" என்று ஆஃப்ரீன் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

வாணிக்கு அந்தப் பல்லைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிடுங்கிய மருத்துவர் வியர்த்து விறுவிறுத்துப் போனார். "ஐம்பதை நெருங்கறீங்க. இந்த வயசுக்குக் கொஞ்சமாச்சும் ஆட வேண்டாமுங்களா? இது பல்லில்லீங்க, செவுத்துல அடிச்ச ஆணி" என்றார். அதை வாணி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அந்தப் பல்லின் வேர், காகிதத்தைவிட மெல்லிய சீவலாக, ஊதா விளக்கின் கீழே கிடந்தது. பல்வேரின் வெளிப்புறத்தில் ஆண்டுக்கு ஒரு படலம் படியும், மரத்தின் வயதுக்கோடுகள் போல. உள்படலம் இளமை, ஓரத்துப் படலம் நேற்று. வாணியின் வேரில் உள்படலங்கள் எல்லாம் மங்கிய நீலமாக இருந்தன. ஓர் இடத்தில் சட்டென்று மஞ்சள் பற்றிக்கொண்டது. மாலை வெயிலில் பூசணிப்பூ போல ஒரு மஞ்சள், விளிம்பில் பச்சை கலந்த மஞ்சள். அங்கிருந்து ஓரம் வரைக்கும் அது அணையவே இல்லை.

அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். எத்தனையோ எலிகளின் தொடை எலும்பில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது.

அவள் எழுந்துகொண்டாள். ஆஃப்ரீன் குனிந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா! கரண்ட் போனா அக்காவை வாயைத் திறக்கச் சொன்னாப் போதும், வீடே வெளிச்சமாயிடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் குரல் மாறியது. "இது நம்ம திடம் மாத்திரை குடுத்த எலியோட கலர் மாதிரியே இருக்கேக்கா. சின்ன வயசுல ஏதாச்சும் ஆன்டிபயாடிக் சாப்ட்டிருப்பீங்களோ? டெட்ராசைக்ளின் சாப்ட்டா பல்லுல இப்படித்தானே ஒட்டிக்கும்?"

"சாப்ட்டிருப்பேன்" என்றாள் வாணி.

சின்ன வயதில் சாப்பிட்டிருந்தால் மஞ்சள் பல்லின் உள்ளே அல்லவா இருக்கும்? வேரின் வெளிப்படலத்தில் வருமா? இதை ஆஃப்ரீனுக்குச் சொல்லிக்கொடுத்ததே வாணிதான். நல்லவேளையாகப் பண்டிகைக் குஷியில் அவளுக்கு அது நினைவு வரவில்லை.

"இந்தக் கறுப்புப் பட்டை என்னக்கா? மஞ்சளுக்கு நடுவுல தடிமனா ஒண்ணு போகுதே. பிரசவமான பொம்பளைங்க பல்லுலதானே இந்த மாதிரி…" ஆஃப்ரீன் வாயை மூடிக்கொண்டாள். பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சாரிக்கா" என்றாள்.

"பரவால்ல புள்ள. கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு."

அப்போதுதான் வாணிக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கற்பூரம் காட்டிவிட்டு நின்ற அண்ணன், வில்லை வைக்கப்போகும் நேரத்தில் "யாரோட பல்லு இந்தத் தடவை?" என்று கேட்டார். "என்றதுதானுங்ண்ணா" என்றாள் இவள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஒலிக்காத கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வரவே இல்லை.

*

நிறுவனம் அண்ணனுடையது. தரணிதரன். அருக்காணி என்ற பெயர் அம்மாவுடையது.

அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எலும்பு உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருந்தது. இருமினால் விலா ஒடியும். ஒருநாள் வாணி கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தபோது அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் வாணியின் விரல்களில் இன்றைக்கும் இருக்கிறது. அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்றே அண்ணன் சொன்னார்: "இந்த எலும்பு உனக்கும் வந்திருக்கும் அம்மிணி. பொம்பளைப் புள்ளைக்குத்தான் வரும். நான் விட மாட்டேன்."

அவர் விடவில்லை. டெட்ராசைக்ளின் என்ற பழைய மருந்தை எடுத்துக்கொண்டார். கிருமியைக் கொல்வதற்காக வந்த மருந்து அது. ஆனால் வேறொரு வேலையும் அதற்குத் தெரியும் என்று பல் மருத்துவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். எலும்பையும் ஈறையும் மூட்டையும் பிடித்துவைத்திருக்கும் நார்களை அரிக்கிற நொதிகள் உடம்பில் உண்டு. அவற்றின் பல்லைப் பிடுங்கிவிடும் அது. அண்ணன் அதைக் கூட்டங்களில் இப்படிச் சொல்வார்: "அதுக்கு ரெண்டு கை. ஒண்ணு கிருமியைக் கொல்லும், இன்னொண்ணு உடம்பைத் தாங்கும். கொல்ற கையை வெட்டிட்டோம். தாங்கற கையை நீட்டிட்டோம்." அந்த நீட்டிய கைக்குத் திடம் என்று பெயர் வைத்தார்கள். தேயாத மூட்டு, உதிராத எலும்பு.

இரண்டு நூற்பாலைகளில் அதைப் பரிசோதனையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் நூல் ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கும் பெண்களுக்கு, மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. முழங்கால் வலி குறைந்தது உண்மை. போன வருடம் வாணி அங்கே போயிருந்தபோது, சுவரோரம் வரிசையாகக் கிடந்த ஸ்டூல்களைக் காணவில்லை. எங்கே என்று கேட்டாள். "மூட்டுதான் தேயாதாமுல்லங்க, அப்புறம் உக்கார எதுக்குன்னு எடுத்துட்டாங்க" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை வாணி அண்ணனிடம் சொன்னபோது, "அது ஆலைக்காரன் தப்பு அம்மிணி, மருந்து என்ன பண்ணும்?" என்றார். சரிதானே என்று இவளும் விட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டிருக்கிறாள். எந்த எலிக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று துருவித் துருவிக் கேட்டு எல்லோரையும் அழவைக்கிறவள், அண்ணன் கொண்டுவந்து கொடுக்கும் புட்டியைப் பற்றி ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. "நம்ம கம்பெனியிலயே செஞ்ச கால்சியம். கடைச் சரக்கை நம்ப முடியாது" என்று சொல்லி, நிறுவனம் தொடங்கிய இரண்டாம் வருடத்திலிருந்து மாதாமாதம் அவரே கொண்டுவந்து கொடுப்பார். புட்டியில் எழுத்து எதுவும் இருக்காது. அண்ணன் கொடுப்பதற்கு எழுத்து எதற்கு?

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள் வாணி. வெளியே தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

கறுப்புப் பட்டை வால்பாறை வருடம். அவள் கணவன் அங்கே எஸ்டேட்டில் அதிகாரியாக இருந்தான்; ஐந்தாம் மாதத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளும் அங்கே போயிருந்தாள். மாதம் நிறைந்து, வலி கண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ கிழிந்தது. பொள்ளாச்சி மருத்துவர், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னதை இவள் அரைமயக்கத்தில் கேட்டாள்: "கர்ப்பப்பை வாய் கல்லு மாதிரி இருக்கு. இத்தனை வலிக்கு அப்புறமும் ஒரு விரல்கூட இளகலை. நான் இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை." பெண் குழந்தை, பிழைக்கவில்லை. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். கணவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய், கடைசியில் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவள் தன் உடம்பை, ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் உறவுக்காரியைப் போல நடத்திவந்தாள். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கத் தெரியாத உடம்பு. தன் குழந்தைக்கு வழிவிடாத உடம்பு. குளிக்கும்போது அடிவயிற்றைப் பார்க்க மாட்டாள். கை அங்கே போனால் வேகமாகச் சோப்புப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும். ஒரு மன்னிப்புகூட அதனிடம் எதிர்பார்த்ததுண்டு.

நீ இல்லையா? என்று இப்போது அதனிடம் கேட்டாள். நீ இல்லவே இல்லையா?

திறப்பதற்கும் அரிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். கர்ப்பப்பை வாயைப் பூட்டிவைத்திருப்பது அதே நார்தான். மாதம் நிறையும்போது அதே நொதிகள் வந்து அதைக் கடித்துக் கடித்து இளக்கினால்தான் குழந்தைக்கு வழி. இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை அவள். சினை எலிகளுக்குத் திடம் கொடுத்துப் பார்த்தது அவள் பிரிவுதான். குட்டிகளை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்தன தாய் எலிகள். அந்த வில்லைகளை அவள்தான் வெட்டினாள். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்போது அவள் மூன்று மாதம்.

அண்ணன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இவள் தோளில் கைவைத்து, "இதைத் தனியா எடுத்து வை அம்மிணி. நீ ரொம்ப நேரம் நிக்காத. போய்ச் சாப்புடு" என்றார். எவ்வளவு கரிசனம் என்று அன்று நினைத்தாள். அந்த வாரமே புதுப் புட்டி வந்தது.

அந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் போக முடியாமல், சுவரில் முட்டிய கண்தெரியாதவள்போல அங்கேயே தடவிக்கொண்டிருந்தது.

*

மறுநாள் விஜயதசமி. வடவள்ளியில் அண்ணன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவது எப்போதும் உள்ளதுதான். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்து அவளை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனது. கைப்பையில், பஞ்சு சுற்றிய சிறு டப்பாவில் அந்த வில்லை இருந்தது.

வீடு முழுக்க வளையல் பெட்டிகள். அண்ணன் மகள் மிதுனாவுக்கு ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

"வா வாணி" என்றாள் சுகந்தி அண்ணி. பச்சையும் சிவப்புமாகப் பிரித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே மெல்லச் சொன்னாள்: "வெள்ளிக்கெழமை நீ சமையல்காரங்களைப் பார்த்துக்க கண்ணு, என்ன? மேடைப் பக்கம் நானே பார்த்துக்கறேன். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒரு மாதிரி. ஏதாச்சும் சொல்லிட்டா உனக்குத்தான் சங்கடம்."

முன்பெல்லாம் இதற்கு வாணி "சரிங்கண்ணி" என்பாள். குழந்தையைப் பறிகொடுத்தவள் கையால் முதல் வளையல் போடக் கூடாது. அதில் அவளுக்கே உடன்பாடு இருந்தது. தன் உடம்பைத் தானே நம்பாதபோது ஊரை என்ன சொல்ல? இன்றைக்கு அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தாளைத் திருப்பினார்.

இத்தனை வருடமாக இதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று தோன்றியது.

"அண்ணா, சித்த உள்ள வாங்க."

அவருடைய அறையில் மேசைமேல் அம்மாவின் படம். வாணி டப்பாவை அதன் முன்னால் வைத்தாள். திறக்கவில்லை.

"பார்த்துட்டியா" என்றார் தரணிதரன். கேள்வியாகக் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்துங்ண்ணா?"

"மொத மாத்திரை கைக்கு வந்ததுலேர்ந்து." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன்னையக் காப்பாத்தத்தான் அம்மிணி. அனுமதி கிடைக்கறதுக்குள்ள உன்ற எலும்பு போயிருக்கும். சொன்னா நீ ஒத்துக்குவியா? ஆயிரம் கேள்வி கேப்ப. எலிக்கே இன்னும் குடுத்துப் பாக்காததை எனக்கு எப்படிக் குடுத்தீங்கன்னு கேப்ப."

"கேட்டிருப்பேன்."

"அதான்."

வெளியே மிதுனா எதற்கோ சிரிப்பது கேட்டது.

"சரிங்ண்ணா, அது பாசம்னே வெச்சுக்குவோம். நான் அந்த எலிகளைக் காட்டினேனே, அப்புறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பவே நிறுத்திட்டேன். சத்தியமா. அதுக்கப்புறம் உனக்கு வந்ததெல்லாம் வெறும் கால்சியம். எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சுத்தான் மறுபடி ஆரம்பிச்சேன். வால்பாறையில நடந்தது வேற அம்மிணி. அது நம்ம நேரம்."

அவர் அதைச் சொன்ன விதம் அவ்வளவு நன்றாக இருந்தது. குரல் உடைந்தது, கண்கூடக் கலங்கியது. ஒரு நிமிடம் வாணிக்கு நம்பிவிடலாம் என்றிருந்தது. நம்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அண்ணன் இருப்பார். உடம்புதான் மறுபடி குற்றவாளியாகும், அதற்குத்தான் பழக்கமாயிற்றே.

"கறுப்புப் பட்டை தெரியுமுங்களா, புள்ளைப்பேறு வருசத்துக் கோடு?" என்றாள். "அதுல மஞ்சள் இல்லாம இருந்திருந்தா நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். அதுக்கு முந்தி மஞ்சள், அதுக்கு உள்ளயும் மஞ்சள், அதுக்குப் பொறகும் மஞ்சள். நடுவுல ஒரு நூலிழை விடலைங்ண்ணா. நான்தான் வெட்டினேன். நான்தான் பார்த்தேன்."

தரணிதரன் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அது இல்லாமல் அவர் முகம் சின்னதாக, அம்மாவின் முகம் மாதிரி இருந்தது.

"பயந்துட்டேன்" என்றார் கடைசியில். "நிறுத்தினா எலும்பு முன்னைவிட வேகமாக் கரையுமோன்னு ஒரு பயம். மாத்திரை நிறம் மாறினா நீ கண்டுபிடிச்சுருவ. கண்டுபிடிச்சா கேப்ப. எலி வேற, மனுசி வேறன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உனக்குக் குடுத்தது கொஞ்சந்தான். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"என்ற மூஞ்சியப் பார்த்துச் சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு."

"ஆமா."

அவ்வளவுதான். கொலைகாரன் ஒருவன் எதிரில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து வந்தவளுக்கு, ஒரு சங்கடமான பேச்சைத் தள்ளிப்போட்ட ஆள்தான் அங்கே இருந்தார். அதைத் தாங்குவது இன்னும் கடினமாக இருந்தது. இவ்வளவு சின்னக் காரணத்துக்கா?

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார். குரல் மெல்ல மெல்லக் கூட்டங்களில் பேசும் குரலாக மாறியது. அவருக்கே அது தெரிந்திருக்காது. "நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு. அடுத்த வாரம் டெல்லியில இருந்து குழு வருது. திடத்தை எல்லா ஆலைக்கும் குடுக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ரொம்ப வருசம் இதைச் சாப்ட்ட பொம்பளை யாராச்சும் உண்டான்னு. எங்ககிட்ட அப்படி யாரும் இல்லைன்னுதான் அவங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். நீ இருக்க. உன்ற எலும்பு இருவது வயசுப் பொண்ணு எலும்பு. இந்தப் பல்லு ஒண்ணு போதும்."

"நான் என்ன சொல்லோணும்?"

"தெரிஞ்சுதான் சாப்ட்டேன்னு. அம்மாவுக்கு வந்தது எனக்கு வரக் கூடாதுன்னு நானே கேட்டு வாங்கினேன்னு. அவ்வளவுதான். வால்பாறை பத்தி யாரும் கேக்க மாட்டாங்க."

"மில்லுல வயித்துப் புள்ளைக்காரி சாப்ட்டா?"

"அட்டையில போட்டுருவோம், கர்ப்பிணிகளுக்குக் கூடாதுன்னு."

"அட்டையை யாருங்ண்ணா பாக்கறா? சோத்துத் தட்டுல வெக்கறாங்க. மூணு மாசம்னு சொன்னா வேலை போயிரும்னு அஞ்சு மாசம் வரைக்கும் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு நிக்கறாளுக. அவளுக எந்த அட்டையப் படிப்பாங்க?" ஒரு கணம் நிறுத்தினாள். "இதுவரைக்கும் அங்க யாருக்காச்சும் ஆச்சுங்களா?"

அவர் அம்மாவின் படத்தைப் பார்த்தார். ஆகியிருக்கிறது என்பது அவளுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"எத்தனையோ லட்சம் முழங்கால் அம்மிணி" என்றார் பிறகு. "எத்தனையோ அம்மாங்க. இருமி இருமி விலா ஒடிஞ்சு சாகாம இருப்பாங்க. அதையும் நெனச்சுப் பாரு. நீ என்ற தங்கச்சிங்கறதுக்காகக் கேக்கலை."

அதையும் அவள் நினைத்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. மருந்து நல்ல மருந்து. உண்மையைச் சொல்லிக் கொடுத்திருந்தால், யாருக்கு எப்போது கூடாது என்று கேட்டுக் கொடுத்திருந்தால், அம்மாவின் பெயருக்கு அது தகுந்ததாக இருந்திருக்கும். கதவை நோக்கித் திரும்பிய அவள் மனம் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி நின்றது.

அப்போது கதவைத் தட்டாமலே மிதுனா உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் மோர் டம்ளர்.

"அத்தை, கைய இங்க வைங்க, சீக்கிரம். உங்க குரல் கேட்டதும் உதைக்கறான் பாருங்க, போக்கிரி."

அவளே வாணியின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். வயிறு சூடாக, உயிரோடு இருந்தது. உள்ளேயிருந்து ஒரு குதிகால் வந்து உள்ளங்கையில் முட்டியது.

"ரொம்ப வலு போலிருக்கே கண்ணு" என்றாள் வாணி. தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "கால்சியமெல்லாம் ஒழுங்காச் சாப்புடறியா? அப்பா கொண்டாந்து தர்றாரா?"

"எனக்கெங்க தர்றாரு? டாக்டர் எழுதினதுதான். கம்பெனி மாத்திரை அத்தைக்கு மட்டுந்தான், ஸ்பெஷல்." மிதுனா செல்லமாக முகத்தைச் சுளித்தாள். "கல்யாணத்துக்கு முந்தி ஒருக்கா உங்களுக்குன்னு வெச்சிருந்த பாட்டில்ல இருந்து ஒண்ணு எடுத்து வாயில போடப் போனேன் அத்தை. எங்கிருந்தோ ஓடியாந்து கையில ஒரு அடி! மாத்திரை சோபாவுக்கு அடியில போயிருச்சு. அப்பா என்னைய அடிச்சது அந்த ஒருவாட்டிதான். கேட்டுப் பாருங்க."

தரணிதரன் மேசைமேல் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அவரும் அதே அம்மாவின் மகன்தான். மிதுனாவும் அதே எலும்புதான். ஆனாலும் அந்த மாத்திரை அவள் வாய்க்குப் போக அவர் விடவில்லை.

"மோர் ஆறிப்போகாது, வெச்சுட்டுப் போம்மா" என்றார் அவர், மகளின் முகத்தைப் பார்க்காமல். மிதுனா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சண்டையா? என்னமோ பண்ணுங்க, சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்று போய்விட்டாள்.

வாணியின் உள்ளங்கையில் அந்தக் குதிகால் இன்னும் இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பதிலாக, பல வருடங்களாகத் தான் பேசாமல் ஒதுக்கிவைத்திருந்த அந்த உறவுக்காரி பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. கையை அடிவயிற்றின்மேல், சேலைக்கு மேலாக வைத்துக்கொண்டாள். கை விலகவில்லை.

"அம்மிணி" என்றார் அண்ணன். எழுந்து நின்றிருந்தார். "குழுவுக்கு முன்னாடி நீ வர வேண்டாம். பேசவும் வேண்டாம். நான் பேசிக்கறேன். அந்த டப்பாவை மட்டும் இங்க வெச்சுட்டுப் போ."

பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில், மேசை இழுப்பறையைத் திறந்து அந்த மாதத்துப் புட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தியிருந்தார். எழுத்தில்லாத புட்டி. தான் என்ன செய்தோம் என்பது கை நீண்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் விரல்கள் அதன்மேல் நின்றன.

வாணி புட்டியைத் தொடவில்லை. அம்மாவின் படத்துக்கு முன்னாலிருந்த டப்பாவை எடுத்தாள். பஞ்சு நகராமல் மூடியை அழுத்திவிட்டுக் கைப்பையில் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

"அதை எங்க கொண்டு போற?"

அவள் கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தாள். கோபமாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சின்ன வயதில் அவர் பங்கையும் சேர்த்துக் கேட்டு அழும்போது அவர் விட்டுக்கொடுப்பாரே, அந்த அண்ணனிடம் பேசும் குரலிலேயே சொன்னாள்.

"இது என்ற பல்லுங்ண்ணா."